ஒன்பது வருடம் தட்டோடு வந்தவர்

காலிகோ தெருவில் ஜானிஸுக்குத் தெரியாத சங்கதி கிடையாது. எந்த வீட்டுப் பெண் தன் அம்மாவோடு பேசுவதில்லை, ஏன் பேசுவதில்லை, புதிதாகக் குடிவந்தவர் தேநீரில் எத்தனை கரண்டி சர்க்கரை போடுகிறார், எல்லாம் அத்துப்படி. கேட்பதற்கு அவள் கூச்சப்பட்டதே இல்லை. தபால்காரரிடம் அவருடைய மூல நோயைப் பற்றி நடுத்தெருவில் நின்று விசாரித்தவள். அப்படிப்பட்டவள் ஒரே ஒரு கேள்வியை மட்டும் ஒன்பது வருடமாக வாய்க்குள்ளேயே வைத்திருந்தாள். அவளோடு பழகிவரும் ட்ரெவர் அவள் வீட்டுக்கே குடிவந்தால், தம்பி நெவிலுக்கு வரும் உதவித்தொகை நின்றுபோகுமா?

நெவிலுக்கு ஐம்பத்து மூன்று வயது. பிறவியிலேயே கைகால் சொன்னபடி கேட்காது. வாய் மட்டும் இருவருக்குப் போதும். பெற்றோர் விட்டுப்போன வீட்டில் அக்காவும் தம்பியும் இருந்தார்கள். ஊனமுற்றவர் என்று அவனுக்கு ஒரு தொகை வந்தது. அவனைப் பார்த்துக்கொள்வதற்காக ஜானிஸுக்கு ஒரு தொகை, அது போதாது என்று அதற்கு மேலே கொஞ்சம். இதில் ஒன்று சரிந்தாலும் நெவிலைப் பராமரிப்பு இல்லத்தில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியதுதான் என்று அவள் உறுதியாக நம்பினாள். அலுவலகத்தில் போய்க் கேட்டால் அவர்களாகவே ஏதாவது எழுதிக்கொள்வார்கள் என்ற பயம் வேறு.

ட்ரெவர் பின்சந்துக்கு அந்தப் பக்கம் வாடகை வீட்டில் இருந்தார். பள்ளிப் பேருந்து ஓட்டுநர். மனைவி போய்ச் சேர்ந்து பல காலம் ஆகிவிட்டது. அவர் வீட்டுப் பின்கதவும் ஜானிஸ் வீட்டுப் பின்கதவும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்றன. இவர்கள் இருவரும் அப்படித்தான்.

சட்டம் சொன்னது பிங்கோ ஆடும் மண்டபத்தில் ஜானிஸோடு உட்காரும் தோழி பாலின். "வாரத்துக்கு மூணு ராத்திரிதான்டி. நாலாவது ராத்திரி தங்குனா புருஷன் பொண்டாட்டின்னு முத்திரை குத்திடுவாங்க. ஒரே அடுப்புல சமைச்சுச் சாப்பிட்டாலும் அதே கதிதான்."

அன்றிலிருந்து ட்ரெவர் தன் சாப்பாட்டைத் தன் தட்டிலேயே எடுத்து வந்தார். மாலை ஐந்தரைக்குப் பின்கதவு திறக்கும். கடையில் வாங்கிச் சூடுபண்ணிய, மாவுக்குள் இறைச்சி அடைத்துச் சுட்ட பேஸ்டி, அதன் மேல் அலுமினியத் தாள், மழை பெய்தால் அதற்கு மேல் அவருடைய தொப்பி. ஜானிஸ் ஆட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் அடுக்கி அடுப்பில் வைத்து எடுத்த பதார்த்தம் மேசை நடுவில் ஆவி பறக்க இருக்கும். அதற்குப் பக்கத்தில் உட்கார்ந்து மனிதர் நனைந்த பேஸ்டியைத் தின்பார். கண்றாவிக் காட்சி. சாப்பிட்டு முடித்ததும் தட்டைக் கையோடு கொண்டுபோய்விடுவார், அங்கே கழுவுவதற்கு.

நெவிலுக்கு ஒருநாள் பொறுமை போய்விட்டது. தன் கணினிப் பலகையில் ஒற்றை விரலால் தட்டித் தட்டி, நூலக மாடியில் செவ்வாய்க்கிழமை உட்காரும் உதவித்தொகை ஆலோசகரிடம் நேரம் வாங்கிவிட்டான்.

"என்னடா பண்ணித் தொலைச்ச?" என்றாள் ஜானிஸ்.

"ஊர்ல இருக்கறவன் மூல வியாதி வரைக்கும் விசாரிக்கற. இதைக் கேக்க மட்டும் உனக்கு நாக்கு எழலை. என்னைச் சாக்கா வெச்சு அந்த மனுஷனை நீ மழையில நடக்க விடுற. எனக்கு அது அசிங்கமா இருக்கு, ஜான்."

அந்த வார்த்தை அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. செவ்வாய்க்கிழமை கோட்டை மாட்டிக்கொண்டு அவன் சக்கர நாற்காலியைத் தள்ளினாள்.

ஆலோசகர் அனீசாவுக்கு முப்பது வயதுகூட இருக்காது. ஜானிஸ் பாலினின் சட்டத்தை ஒப்பித்தாள். அனீசா பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

"மூணு ராத்திரி கணக்கா? அப்படி ஒரு விதியே இல்லைங்க. பாதி ஊரு அதை நம்பிக்கிட்டு இருக்கு. ரெண்டு ராத்திரி தங்கறவங்களும் ஜோடியா இருக்கலாம், ஏழு ராத்திரி தங்கறவங்க ஜோடியா இல்லாமலும் இருக்கலாம். மொத்தமாத்தான் பார்ப்பாங்க."

"எதைப் பார்ப்பாங்க?" ஜானிஸுக்குள் தூங்கிக்கொண்டிருந்த பழைய ஜானிஸ் எழுந்து உட்கார்ந்தாள்.

"வீட்டுச் செலவு யாரு பாக்கறா, துணி யாரு துவைக்கறா, சேர்ந்து சாப்பிடறீங்களா, வெளிய எப்படிச் சொல்லிக்கறீங்க, அந்த மாதிரி."

"அட, அப்படிப் பார்த்தா நானும் இவளும்தான் ஜோடி," என்றான் நெவில். "என் சாக்ஸைத் துவைக்கறா, தினம் திட்டறா."

அனீசா சிரிப்பை அடக்கிக்கொண்டு கணினியைத் திருப்பிக் காட்டினாள். நெவிலின் தொகைக்கு ஒன்றும் ஆகாது, அக்காவின் துணைவர் யார் என்பது அதற்குச் சம்பந்தமே இல்லை. அவனைப் பார்த்துக்கொள்வதற்கு ஜானிஸ் வாங்கும் தொகையும் அப்படியே இருக்கும், ட்ரெவர் எவ்வளவு சம்பாதித்தாலும் சரி.

"ஆனா அதுக்கு மேல கொஞ்சம் வாங்கறீங்க பாருங்க, அது நின்னுடும். அதுக்கு உங்க ரெண்டு பேரையும் ஒண்ணாத்தான் பார்ப்பாங்க, அவர் சம்பளத்தையும் சேர்த்து. அவர் குடிவர்ற அன்னிக்கே நீங்க சொல்லிடணும்."

திரும்பி வரும்போது ஜானிஸ் நாற்காலியை வேகவேகமாகத் தள்ளினாள். நெவிலுக்கு ஆபத்தில்லை, கேட்ட கேள்வி தீர்ந்தது. மகிழ்ச்சியாக இருந்திருக்க வேண்டும். ஆனால் ஒன்பது வருடத்தை மழையில் விட்டோமே என்றுதான் அவளால் நினைக்க முடிந்தது. இன்னொன்றும் குடைந்தது. ஒருவேளை ட்ரெவருக்கும் இந்தப் பின்சந்து வசதியாகத்தான் இருந்ததோ? வந்து இருக்கிறாயா என்று அவரையும் அவள் கேட்டதில்லையே.

ஐந்தரைக்கு ட்ரெவர் பின்கதவில் தலையை நீட்டினார். தட்டு இன்னும் கையில் இல்லை. "பேஸ்டி அடுப்புல சூடாகுது. போன காரியம் என்ன ஆச்சு கண்ணு?"

அவள் நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினாள். "நெவிலுக்கு ஒண்ணும் ஆகாது. எனக்கு வர்றதுல ஒரு பாகம் போயிடும். நீ வந்தா, அந்த அளவுக்கு நான் உன் கையை எதிர்பார்க்கணும். எனக்கு அது பழக்கமில்லை, ட்ரெவ். நல்லா யோசிச்சுக்கோ."

ட்ரெவர் அவளைப் பார்த்தார், மேசையைப் பார்த்தார். "அடுப்பைப் பார்க்கணும்," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஜானிஸ் ஜன்னலோரம் போய் நின்றாள். தெருவையே துருவிப் பார்க்கிற கண்ணுக்கு, எதிரே உள்ள அந்த ஒரு கதவு மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அவர் தட்டோடு திரும்பி வந்தால், குடிவர மாட்டேன் என்பதுதான் பதில் என்று அவளுக்குத் தோன்றியது. பயமாக இருந்தது.

"தள்ளி நில்லு, நானும் பார்க்கணும்ல," என்றான் நெவில்.

பின்கதவு திறந்தது. மழையில் நனைந்தபடி ட்ரெவர் வந்தார். இரண்டு கையும் காலி.

"பேஸ்டி எங்க?"

"பக்கத்து வீட்டு நாய்க்குப் போட்டுட்டேன். அடுப்பை அணைச்சாச்சு." அவர் தன் வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்தார். "அந்த வீட்டுக்கு நான் கட்டற வாடகை மிச்சமாகும்ல, அதை உன் கையில குடுத்துடறேன். நீ யார்கிட்டயும் கேக்க வேணாம்."

அவள் அலமாரியிலிருந்து மூன்றாவது தட்டை எடுத்து வைத்தாள். கரண்டியைப் பதார்த்தத்தில் விட்டவள் அப்படியே நின்றாள். தெருவில் யாருக்கு என்ன பிடிக்கும் என்று உறக்கத்தில் கேட்டாலும் சொல்வாள். இது தெரியவில்லை.

"ட்ரெவ், உனக்கு இது பிடிக்குமா?"

"தெரியலை கண்ணு," என்றார் ட்ரெவர். "ஒன்பது வருஷமா மோந்து மட்டும்தான் பாத்திருக்கேன்."