அப்பாவின் வாயை மோந்தவன்

போன வாரம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது எனக்கு வாய் குளறியது. கால் மணி நேரத்தில் சரியாகிவிட்டது. மகள் விடவில்லை, காரில் போட்டுக் கோயமுத்தூர் கொண்டுவந்துவிட்டாள்.

கழுத்து ரத்தக்குழாய் சுருங்கியிருக்கிறதாம். தொடை வழியாகக் கம்பி விட்டு, அங்கே சின்னப் பலூனை ஊதி விரித்து, ஸ்டென்ட் வைத்துவிடலாம் என்றார் டாக்டர். கழுத்துக்குப் போகத் தொடையில் ஏறுவதென்ன, பக்கத்திலிருக்கிற மதுக்கரைக்குப் பல்லடம் சுற்றிப் போகிற மாதிரியா என்று கேட்டேன். அவர் சிரித்தார். நான் மூன்றாம் தடவையாகக் கழிப்பறைக்கு ஓடினேன்.

திரும்பி வந்ததும், "உங்க குடும்பத்துல யாருக்காச்சும் இப்படி வாய் கொளறித் தானா சரியாயிருக்குதுங்களா?" என்றார்.

பயம் போன இடம் தெரியவில்லை. கோபம்தான் வந்தது.

அப்பாவுக்கு அப்படி வந்தபோது எனக்கு ஒன்பது வயது. அப்பா சோமனூரில் தறி ஃபிட்டர். ஞாயிறுதோறும் சர்ச்சில் வேதபாடம் வாசிப்பவர் அவர்தான். அதற்கென்றே ஒரு வெள்ளைச் சட்டை வைத்திருந்தார். அன்றைக்கு நாலு வரி வாசித்ததும் நாக்கு தடித்தது. வார்த்தைகள் கஞ்சியாகக் குழைந்தன. கையிலிருந்த வேதப்புத்தகம் நழுவி விழுந்தது.

"காத்தாலயே ஊத்தியாச்சா?" என்றது பின்வரிசை.

போதகர் வந்து, "போயி உக்காருங்கண்ணா, அப்பறம் பேசிக்கலாமுங்க" என்றார். எங்கள் ஊரில் செருப்பால் அடித்தாலும் 'ங்க' போட்டுத்தான் அடிப்பார்கள்.

பத்து நிமிடத்தில் பேச்சு தெளிந்துவிட்டது. அதுவே வினையாயிற்று. சீக்கு என்றால் இப்படி உடனே போகுமா? வீட்டு வாசலில், கூடவே வந்த அத்தனை பேர் முன்னாலும், அம்மா என்னைப் பிடித்துத் தள்ளினாள்.

"கண்ணு, அப்பன் வாயை மோந்து பாரு."

"நான் அதைத் தொட்டதே இல்ல அம்மணி" என்றார் அப்பா. பிறகு என் உயரத்துக்குக் குனிந்து ஊதினார்.

காப்பி வாசம். அவ்வளவுதான். ஆனால் என் வகுப்புப் பையன்கள் வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவரால் எனக்கு மானக்கேடு. மூக்கைப் பொத்திக்கொண்டு நாலடி தள்ளாடிக் காட்டினேன். எல்லோரும் சிரித்தார்கள். என் முதல் வேடிக்கை அது, நன்றாகவே எடுபட்டது.

அப்பா நிமிர்ந்து உள்ளே போனார். அடுத்த ஞாயிறு வேறொருவர் வாசித்தார். மூன்றாம் வாரம், ஓடுகிற தறிக்குப் பக்கத்திலேயே அப்பா விழுந்தார். "தெளியற வரைக்கும் கெடக்கட்டும் உடுங்க" என்று முதலாளி சொல்லி, சுவரோரம் இழுத்துப் போட்டார்களாம். சாயங்காலம் வரை கிடந்தார். அப்புறம் எழுந்திருக்கவே இல்லை.

அந்த முதலாளியை நாற்பது வருஷமாகத் திட்டிக்கொண்டிருக்கிறேன். அவர் சுடுகாட்டுக்குப் போன பிறகும் விடவில்லை. எங்கப்பா குடிப்பார் என்று அவருக்கு யார் சொன்னது என்று மட்டும் நான் கேட்டுக்கொண்டதே கிடையாது.

"எங்கப்பாவுக்குங்க" என்றேன் டாக்டரிடம்.

அவ்வளவு பேர் நின்ற வாசலில், நான் உண்மையைச் சொல்லிவிடுவேன் என்று நம்பித்தான் அப்பா குனிந்தார். ஒன்பது வயதுக்கு அது விளங்கவில்லை.