தலைகீழாய்ப் போட்ட பேட்டரி

கண்புரை ஆபரேஷன் முடிந்த மனைவிக்கு அன்று காலை ராயபுரத்தில் கட்டுப் பிரிக்க வேண்டும். இன்னொரு கண்ணும் மங்கல். பார்வை வருமா என்ற பயத்தையெல்லாம் நான் கார் சாவியிடம் காட்டிக்கொண்டிருந்தேன். ரிமோட்டில் புது பேட்டரி போட்டும் கார் திறக்கவில்லை. மெக்கானிக்குக்குப் போன் செய்து, "வண்டி செத்துப்போச்சுப்பா!" என்று ஒப்பாரியே வைத்துவிட்டேன்.

அவள் சாவியை வாங்கி, பேட்டரியை விரலால் தடவிப் பார்த்துத் திருப்பிப் போட்டாள். கார் கூவியது.

"ரெண்டு கண்ண வச்சிகினு இன்னாய்யா பண்ற? தலகீழா போட்டுகீற!"

ஆஸ்பத்திரியில் கட்டைப் பிரித்ததும் கண்ணைச் சிமிட்டி என்னையே பார்த்தாள்.

"இன்னாய்யா, பட்டன மாத்திப் போட்டுகினு வந்துகீற?"

நர்ஸ் எதிரிலேயே என் சட்டைப் பட்டன்களைக் கழற்றிச் சரியாக மாட்டிவிட்டாள். ஒன்றைக்கூடத் தடவித் தேடவில்லை.