சித்தப்பா ஏற்காத சொல்

பருத்தித்துறையில் பிறந்து, லண்டன் எட்மண்டனில் வாழ்ந்து மறைந்த எங்கள் சித்தப்பா, என் அப்பாவின் ஒரே தம்பி. என்னைப் பெற்ற சில நாட்களில் அம்மா இறந்தார். பின்னர் அப்பாவையும் போர் கொண்டுபோனது. ஏற்கெனவே அகதியாக லண்டன் வந்திருந்த சித்தப்பா என்னைத் தம்மிடம் அழைத்துக்கொண்டார். அப்போது அவர் இளைஞர்; பெற்றோல் நிலையத்தில் வேலை. எனக்குத் தலை பின்னிவிட, திரைச்சீலைக் கயிற்றில் பின்னிப் பழகினாராம். கலியாணம் பேசி வந்தவர்களிடம், "பிள்ளை வளரட்டும், பாப்பம்" என்பார். நான் வளர்ந்த பிறகும் அதையே சொன்னார்.

ஆனால் 'அப்பா' என்று அழைக்க மட்டும் விடவில்லை. "அது அண்ணையின்ர இடம், பிள்ளை." யாரிடமும் என்னைப் 'பெறாமகள்' என்றே அறிமுகப்படுத்துவார், உடன்பிறந்தவரின் மகளை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம்.

பல்கலைக்கழகத்தில் இடைக்கால ஆங்கிலம் படித்தபோது 'பாதர்ஹெட்' என்றொரு சொல்லைக் கண்டேன். வீட்டுக்கு வந்ததும் அவரிடம் சொன்னேன்.

"தகப்பன்ர தலையோ?" என்று சிரித்தார்.

"இல்லை சித்தப்பா, இந்த 'ஹெட்' தலை இல்லை. நிலை, தன்மை எண்டு அர்த்தம். எங்கட தாய்மையில வாற 'மை' மாதிரி. தந்தைமை எண்டு சொல்லலாம்."

கடவுளின் தந்தைமையையும், தகப்பனுக்குரிய அதிகாரத்தையும் அது குறித்தது. பிறகு அதே பொருளில் 'பாதர்ஹுட்' நிலைத்துவிட, இது வழக்கொழிந்தது என்றும் சொன்னேன். அவருடைய சிரிப்பு நின்றது.

"பெறாதவனுக்கும் சொல்லலாமோ?"

"ஓம். சேர்ச்சில சுவாமியைப் பாதர் எண்டுதானே கூப்பிடுகினம்? அவர் பெத்தவரோ?"

"எண்டாலும் அண்ணை கோவிப்பார்" என்று தேநீர் போட எழுந்து போனார்.

என் திருமணத்தில் தாரைவார்க்க வேறு உறவினரை அமர்த்திவிட்டு, மண்டபத்தின் கடைசி வரிசையில் நின்று கண்களைத் துடைத்துக்கொண்டார்.

ஈரலில் வந்த நோய் அவரை உருக்கிவிட்டது. அவருக்கு மாற்றுடுப்பு எடுக்க நான் மருத்துவமனையிலிருந்து வீட்டுக்குப் போன வேளையில் உயிர் பிரிந்தது. அந்த உடுப்புப் பையை இன்னும் என்னால் திறக்க முடியவில்லை.

நோயில் சாப்பாடு சமைத்துத் தந்த அயலவர்களுக்கும், இறுதிக் கிரியைகளில் தோள்கொடுத்த உறவினர், நண்பர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டது. எல்லோருக்கும் மேலாக, உயிர் பிரிந்த வேளையில் சித்தப்பாவின் கையைப் பிடித்திருந்த தாதிக்கு நன்றி. அவருடைய பெயரைக்கூட நான் கேட்கவில்லை. மூச்சிரைக்க ஓடிவந்த என்னைக் கட்டியணைத்து, அவர் ஆங்கிலத்தில் சொன்னார்: "உங்கள் அப்பா கடைசிவரை, 'என் மகள் எங்கே, என் மகள் எங்கே' என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தார்."

கட்டிலருகே போனேன். முகம் இன்னும் சூடாக இருந்தது. காதருகே குனிந்து, "அப்பா, வந்திட்டன்" என்றேன்.