சீல் மேல் வைத்த பொட்டு

சூடான இரும்பில் சந்தனம் காயும் வாசனை. அலுவலக ஆயுத பூஜையில் யாரோ கணினிக்குப் பொட்டு வைக்க, நான் எட்டி அதன் பின்பக்கத்தைப் பார்க்கிறேன்.

திருவண்ணாமலையில் கோவில் மதிலை ஒட்டி அம்மாவின் டைப்பிங் கடை. தட்டச்சு இயந்திரத்தை விற்றுவிட்டு அவள் வாங்கிய முதல் கம்ப்யூட்டர். அதன் பின்பக்கம் வெள்ளியாய் மின்னிய ஸ்டிக்கர்தான் பத்து வயதில் எனக்கு அதன் நெற்றி. ஆயுத பூஜையன்று அங்கேதான் சந்தனம் அப்பிக் குங்குமம் வைத்தேன். மறுநாள் அம்மா ஈரத்துணியால் துடைத்ததில் ஸ்டிக்கர் கிழிந்தது. நாங்கள் அதைப் பொருட்படுத்தவே இல்லை.

கார்த்திகை தீபத்துக்குப் பத்து நாள் இருந்தது. அச்சடிக்க வேண்டிய அன்னதான நோட்டீஸ் அத்தனையும் உள்ளே இருக்க, திரை இருண்டது. கம்பெனிக்காரர் வந்தார். பின்பக்க ஸ்டிக்கரைப் பார்த்தார்; மூடியைக்கூடத் திறக்கவில்லை.

"சீல் கிழிஞ்சிருக்கும்மா. வாரண்டி போச்சு."

அம்மா திகைத்து, "ஐயோ, பூஜைக்குப் பொட்டு வெச்சதுங்க! பாப்பா வெச்சா," என்றாள்.

"எங்க ஆபீஸ்லயும் பூஜை உண்டும்மா. நாங்க சீல் மேல வெக்கமாட்டோம்."

அவர் படியிறங்கும்போது அம்மா வாசல்வரை வந்து கேட்டாள்.

"அப்ப எங்க வெக்கக்கூடாதுன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. விக்கறப்ப ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்லீங்க?"