மச்சான் வந்த பத்து நாள்

கீமோ வார்டுக்கு வெளியே, வராந்தாவில்தான் விழுந்தேன். உள்ளே கணவருக்கு மருந்து ஏறிக்கொண்டிருந்தது. குடலில் புற்றுநோய் என்று தெரிந்து, ஆபரேஷன் முடிந்து, அது ஆறாவது கீமோ. நாங்கள் குடியிருக்கும் சோஹாரிலிருந்து மஸ்கட் வரைக்கும் நான்தான் கார் ஓட்டிக்கொண்டு வந்திருந்தேன். தண்ணீர் பிடிக்கப் போனவள் பாட்டிலோடு தரையில் கிடந்தேன். ஒரு மலையாளி நர்ஸ் என்னைப் படுக்கவைத்து பிரஷர் பார்த்தாள். நம்பாமல் மறுபடியும் பார்த்தாள். "சேச்சி, பிரஷருக்கு மருந்து ஒண்ணும் சாப்பிடலையா?" என்றாள். எனக்குப் பிரஷர் இருப்பதே அன்றைக்குத்தான் தெரியும்.

செய்தி ஊருக்குப் போய்விட்டது. முதலில் போன் செய்தவர் கணவரின் அண்ணன். சவூதியில், ஜுபைலில் ஒரு கெமிக்கல் பிளான்ட்டில் டெக்னீஷியன். நான் மச்சான் என்று கூப்பிடுவேன். "நீயும் படுத்துட்டா தம்பிய யாரும்மா பார்க்குறது?" என்றார். கெட்டவர் இல்லை. உனக்கு இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்க அவருக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

அடுத்தது மாமியார். அவர் ஒரு வழியே கண்டுபிடித்து வைத்திருந்தார். "மவளை வரச் சொல்லு. ஒரு வருஷம் காலேஜை நிப்பாட்டினா என்ன குறைஞ்சிரும்? பொம்பளைப் புள்ளதானே, வாப்பாவைப் பார்த்துக்கிட மாட்டாளா?"

மகள் சென்னையில் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். அவளும் சரியென்று பெட்டி கட்டத் தொடங்கிவிட்டாள் என்பதுதான் கொடுமை. "ஃபிளைட் ஏறி வந்தீன்னா ஏர்போர்ட்லேர்ந்தே திருப்பி அனுப்புவேன்" என்று போனில் கத்தினேன். மாமியாருக்கு இரண்டு ஆண் பிள்ளைகள். ஒருவர் படுக்கையில். இன்னொருவர் இரண்டு மணி நேர விமானத் தூரத்தில். அவரைக் கூப்பிடலாம் என்ற பேச்சே யார் வாயிலும் வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கணவரிடம் சொன்னேன். "மச்சானை லீவு போட்டு வரச் சொல்லுங்க."

"காக்காவுக்கு டூட்டி இருக்குமே." அண்ணனை அவர் காக்கா என்றுதான் கூப்பிடுவார்.

"எனக்கு?"

"நீ சமாளிச்சிருவேன்னு நெனச்சேன்" என்றார்.

வாயெல்லாம் புண்ணாகி, தோள் எலும்பு துருத்திக்கொண்டு கிடந்த மனிதர். அவர்மேல் கோபப்படுவது பாவம் என்று ஏழு மாதமாக என்னையே அடக்கி வைத்திருந்தேன். அன்றைக்கு அடங்கவில்லை. "உங்க கடையைத் தொறக்குறது நான். வண்டி ஓட்டுறது நான். வாந்தி அள்ளுறது நான். உங்களைப் பார்க்க வர்றவங்களுக்கு டீ போடுறதும் நான். எதுல பார்த்தீங்க நான் சமாளிக்கிறதை?"

அவர் போனை எடுத்தார். "காக்கா, நீ வா. அவளால முடியலையாம்" என்றார். ஏதோ குறை என்னிடம் இருப்பதுபோல. அதையும் கேட்டுக்கொண்டு நின்றேன்.

மச்சான் பத்து நாள் லீவில் வந்தார். எங்கள் பில்டிங்கே அவரைக் கொண்டாடியது. ஒரு வீட்டிலிருந்து பிரியாணி, இன்னொரு வீட்டிலிருந்து கஞ்சி. "தம்பிக்காக வேலையை விட்டுட்டு வந்திருக்காரே, தங்கமான மனுஷன்" என்று கீழ்வீட்டு அம்மா என் எதிரிலேயே சொன்னார். அந்த அம்மாவுக்கும் டீ ஊற்றிக்கொண்டிருந்தவள் நான்தான். அந்த ஏழு மாதத்தில் என் கதவைத் தட்டி ஒரு கிண்ணம் சோறு தந்தவர் யாருமில்லை.

எந்த மாத்திரை எப்போது, காய்ச்சல் எவ்வளவு ஏறினால் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும், பையை எப்படி மாற்ற வேண்டும் என்று எல்லாம் சொல்லிக்கொடுத்தேன். ஆபரேஷனுக்குப் பிறகு கணவருக்கு மலம் வயிற்றோடு ஒட்டிய பையில்தான் இறங்கும். நான்காம் நாள் பையை மாற்றிவிட்டு பாத்ரூமுக்குள் போன மச்சான் வெளியே வரவில்லை. குழாயைத் திறந்துவிட்டு உள்ளே அழுதுகொண்டிருந்தார். தண்ணீர்ச் சத்தத்தையும் மீறிக் கேட்டது. பொய் சொல்ல மாட்டேன், எனக்கு முதலில் சந்தோஷமாக இருந்தது.

வெளியே வந்து அடுப்படியில் நின்றார். கண் சிவந்திருந்தது. "ஆம்பளை நான் இதை யார்ட்டம்மா சொல்றது? பிளான்ட்ல சொன்னா சிரிப்பானுங்க."

"நான் யார்ட்ட சொன்னேன் மச்சான்?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவர்மேல் எனக்கிருந்த கோபம் அப்போது கொஞ்சம் இறங்கியது. அழுவதற்குக் குழாய்ச் சத்தம் தேவைப்படுகிற ஆளை வைத்துக்கொண்டு என்ன செய்வது? இவரை இப்படி வளர்த்தவர்கள்மேலும், என்னை அப்படி வளர்த்தவர்கள்மேலும் அந்தக் கோபம் ஏறியது.

அந்தப் பத்து நாளில் நான் ஒரு டாக்டரைப் பார்த்தேன். மாத்திரை ஆரம்பித்தேன். இரண்டு மதியம் முழுசாகத் தூங்கினேன். மகள் படிப்பை விடவில்லை. நான்கு மாதம் கழித்து எடுத்த ஸ்கேனில் கணவருக்கு ஒன்றும் இல்லை என்றார்கள்.

போன பெருநாளன்று மாமியார் போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டிருந்தோம். "மூத்தவன் ஓடி வந்துதான் எம்புள்ளையைத் தூக்கி நிறுத்தினான்" என்றார். கணவர் வட்லப்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை திருத்திச் சொல்லவில்லை.

நான் போனை எடுத்துக்கொண்டேன். "மாமி, மச்சான் வந்தது பத்து நாள். நான் பதினோரு மாசம்."

"ஏம்மா, பெருநாளும் அதுவுமா ஒனக்கு ஏன் இவ்வளவு கோவம்?" என்றார்.

கேட்டதால் சொன்னேன். வராந்தாவில் விழுந்ததிலிருந்து ஒன்று விடாமல் சொன்னேன். அவர் போனை வைக்கவில்லை. கணவர் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, முடியும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்.