சீனத்து மாமியார்

சான்டா கிளாராவில் குடியிருந்த காலத்தில் எனக்கு இரண்டு மாமியார்கள். ஒருவர் கும்பகோணத்தில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை ஃபோனில் மட்டும் வருவார். அவரைச் சமாளிக்க எனக்குத் தெரியும். இன்னொருவர் சீனாக்காரி. செத்து இரண்டாயிரம் வருஷத்துக்கு மேல் ஆகிறது. என்னைப் பாடாய்ப் படுத்தியவர் இவர்தான்.

இவரை வீட்டுக்குள் கொண்டுவந்தவர் என் கணவர். ஆபீஸில் அவருக்கு அடுத்த இருக்கையில் ஒரு சீனர். அவர் மதியச் சாப்பாட்டின்போது தங்கள் நாட்டுப் பழைய ஞானி ஒருவரின் கதையைச் சொல்லியிருக்கிறார். மனிதர்கள் பிறவியிலேயே நல்லவர்கள் என்று ராஜா ராஜாவாகத் தேடிப்போய்ச் சொன்ன ஆசான். அவருடைய பெயரை என் கணவர் தடவைக்கு ஒரு விதமாக உச்சரித்ததால் எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. ஆனால் கணவர் மயங்கியது ஆசானிடம் இல்லை, ஆசானின் அம்மாவிடம்.

தகப்பன் இல்லாத பிள்ளையாம். முதல் வீடு இடுகாட்டுக்குப் பக்கத்தில். பிள்ளை ஒப்பாரி வைத்து விளையாடினான். அம்மா பயந்துபோய்ச் சந்தைக்குப் பக்கத்தில் வீடு பார்த்தாள். அங்கே பேரம் பேசி விளையாடினான். மறுபடி மூட்டை கட்டினாள். மூன்றாவது வீடு பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில். பிள்ளை புத்தகத்தைத் தூக்கினான், ஞானியாகிவிட்டான்.

எங்கள் அபார்ட்மென்ட்டுக்கு எதிரே ஓர் இந்திய மளிகைக்கடை இருந்தது. எங்கள் மகள் அப்போது சோபாவின் மேல் கொத்தமல்லிக் கட்டு விற்று விளையாடிக்கொண்டிருந்தாள். அது போதாதா? அந்தக் கோடையிலேயே நல்ல ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் என்று பேர் வாங்கிய இடத்துக்கு, இருந்ததைவிடச் சின்ன வீட்டுக்கு மாறினோம். அங்கே குடியிருக்கும் பகுதியை வைத்துத்தான் ஸ்கூலில் இடம். சாப்பாட்டு மேஜை உள்ளே நுழையவில்லை. தரையில் உட்கார்ந்து சாப்பிட்டபடி என் கணவர் அந்தச் சீனத்துத் தாயைப் புகழ்ந்தார்.

புது இடத்தில் மகள் ஒரு வருஷம் வாயைத் திறக்கவில்லை. பிறகு கீழ்வீட்டில் ஒரு சிநேகிதி கிடைத்தாள். எங்கள் பால்கனியிலிருந்து மகள் கயிறு கட்டிக் கூடையை இறக்குவாள். மேலே வரும்போது அதில் ஒரு பொம்மையோ பாதி தின்ற பிஸ்கட்டோ இருக்கும். அந்தக் கூடையைப் பார்த்துத்தான் எனக்கு மூச்சு வந்தது.

அப்போது பார்த்து, ஃப்ரீவேக்கு அந்தப் பக்கம் இதைவிட நல்ல ஸ்கூல் இருப்பதாக ஆபீஸில் யாரோ சொல்லிவிட்டார்கள்.

"அந்தம்மா மூணு வீடு பாத்தாங்க. நாம இன்னும் ரெண்டுலயே நிக்கிறோம்" என்றார் என் கணவர்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேலை பார்க்க அனுமதி இல்லாத விசாவில் வந்தவள் நான், நேரத்துக்குப் பஞ்சமில்லை. லைப்ரரிக்குப் போய் அந்த ஆசானைப் பற்றிய புத்தகத்தை எடுத்துவந்து உட்கார்ந்துவிட்டேன். அந்த அம்மாவைச் சொல்லி என்னை மிரட்டினால், நான் அவர் பிள்ளையையே அழைத்துவந்து வாயை அடைப்பேன். நான் தேடியது பாதிப் புத்தகத்திலேயே கிடைத்தது.

ராத்திரி ரசம் சாதம் பரிமாறிவிட்டு ஆரம்பித்தேன். "உங்க ஆசான் ஒரு கதை சொல்லியிருக்கார். ஒருத்தனுக்குப் பயிர் சீக்கிரம் வளரலையேன்னு கவலையாம். ஒவ்வொண்ணையும் புடிச்சு மேல இழுத்து விட்டானாம். களைச்சுப்போய் வீட்டுக்கு வந்து, இன்னிக்குப் பயிர் வளர ஹெல்ப் பண்ணேன்னு சொன்னானாம். மகன் ஓடிப்போய்ப் பாத்தா, எல்லாம் வாடிக் கெடந்துச்சாம்."

மனிதர் தஞ்சாவூர் ஜில்லாக்காரர் என்பதை நான் மறந்துபோனேன். அவர் சிரித்தேவிட்டார்.

"அவனுக்கு வெவசாயம் தெரியல. நாத்தைப் புடுங்கி வேற வயல்ல நட்டாத்தான் வெளையும். எங்க ஊர்ல சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியும்."

ஒரு மகா ஞானியைக் காவிரித் தண்ணீரில் முக்கி எடுத்துவிட்டார்.

"ஒரு தடவைதானே நடுவாங்க? நம்ம பொண்ணை ஏற்கெனவே நட்டாச்சு. இப்பத்தான் வேர் புடிச்சிருக்கு" என்றேன்.

அவர் சாப்பாட்டை நிறுத்தினார். ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

"புது வீட்டுக்கு லீஸ் சைன் பண்ணிட்டேனே" என்றார்.

இரண்டாயிரம் வருஷத்து அறம் ஒரு கையெழுத்தில் போயிற்று. வாடகை லாரி வந்தது. மகள் அழவில்லை. கூடையை மட்டும் கீழ்வீட்டுப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு வந்தாள். நான்தான் பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

புது ஸ்கூலில் அவள் பிரமாதமாகப் படித்தாள். டீச்சர் எங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பாராட்டினார். எந்நேரமும் புத்தகமும் கையுமாக இருக்கிறாளாம். அந்தச் சீனத்து அம்மா கேட்டிருந்தால் பூரித்துப் போயிருப்பார். என் கணவர் அவருக்கும் சேர்த்துப் பூரித்தார்.

அந்த வாரக் கடைசியில் அழைப்புமணி அடித்தது. பக்கத்து வீட்டுச் சிறுமி, காலில் ஸ்கேட்ஸோடு, இவளை விளையாடக் கூப்பிட வந்திருந்தாள். கதவைத் திறந்த என் கணவருக்கு ஒரே சந்தோஷம். உள்ளே பார்த்துக் கூப்பிட்டார். மகள் வந்தாள். புத்தகத்தில் விரலை வைத்துக்கொண்டே, மரியாதையாக, "தேங்க் யூ. பட் வி ஆர் மூவிங் சூன்" என்றாள். அந்தப் பெண் போய்விட்டது.

"யாரு சொன்னா? நாம எங்கயும் போகப் போறதில்லடா செல்லம். இதுதான் நம்ம வீடு" என்றார்.

"யூ செட் தட் லாஸ்ட் டைம், அப்பா." குரலில் கோபமே இல்லை. திரும்பவும் அறைக்குள் போய்விட்டாள்.

திறந்த கதவைப் பிடித்தபடி அவர் என்னைப் பார்த்தார்.