ரெக்கார்டில் இருக்கிற மாதிரி இல்லை

கண்டியில் சவரம் செய்துகொள்ளப் போனால் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லாமல் எழுந்திருக்க முடியாது. நுரையைப் பூசி, கத்தியைக் கழுத்தில் வைத்த பிறகுதான் சலூன்காரர் கேட்பார்: "ஏங்க, அந்த நடிகருக்கு இருக்கிறது சொந்த முடிதானா?" நான் திண்டுக்கல்காரன். அவரைப் பொறுத்தவரை தமிழ்நாட்டு நடிகர்கள் எல்லாரும் எங்கள் தெருவில்தான் பால் வாங்குகிறார்கள். சுவர் முழுக்க அந்த நடிகரின் படங்கள். கத்தியைப் பார்த்தேன். சொந்த முடிதான், நானே கிட்டத்தில் பார்த்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

இப்படித்தான் நான் சினிமா நிபுணன் ஆனேன். ஊரில் நான் பார்த்தது ஒரு தியேட்டர் வாசலில் டிக்கெட் கிழிக்கும் வேலை. கடைசி ஆள் உள்ளே போன பிறகுதான் நான் போக முடியும். அதனால் எந்தப் படத்திலும் கதாநாயகன் அறிமுகமாகும் காட்சி எனக்குத் தெரியாது. என் கணக்கில் எல்லா நாயகர்களும் பாதிச் சண்டையில்தான் பிறந்தார்கள். மலையகத்துப் புசல்லாவை ஊர்க்காரி கலாவைக் கட்டிக்கொண்டு, கண்டியில் ஒரு துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்த பிறகு, "சினிமா லைன்ல இருந்தவரு" என்று மாமனார் என்னை எல்லாரிடமும் சொன்னார். நான் மறுக்கவில்லை. கடல் தாண்டி வந்தவனுக்கு ஏதாவது ஒரு பதவி வேண்டாமா?

பதவிக்குத் தக்கபடி கருத்துகளும் சொல்லத் தொடங்கினேன். கையால் முகத்தை மூடிக்கொண்டு அழுகிற நடிகர் அழவில்லை, சம்பளத்தை நினைத்துச் சிரிக்கிறார். எங்கள் நாயகர்கள் மலையுச்சியில் மின்சாரக் கிட்டார் வாசிப்பார்கள். வயரும் இருக்காது, இடது கை விரலும் அசையாது. புசல்லாவைச் சபை இதையெல்லாம் ரசித்துக் கேட்டது. கேட்காத ஒரே ஆள் கலாவின் தம்பி சுரேஷ்.

சுரேஷ் கல்யாணங்களில் வாசிக்கும் ஒரு இசைக்குழுவில் லீட் கிட்டார். அவன் அறைச் சுவரில் நடிகர்களே கிடையாது. தலைமுடியால் முகம் மறைந்த வெள்ளைக்கார ராக் கிட்டார்காரர்கள்தான். மூக்கை வைத்துத்தான் ஆளை அடையாளம் சொல்ல வேண்டும். எனக்கும் அவனுக்கும் தகராறு, பாட்டின் இடையிசையில். எங்கள் ஊர்ப் பக்கம் மேடையில் ஒரு பாட்டைப் பாடினால் ரெக்கார்டில் உள்ளது அச்சு அசலாக வர வேண்டும். ஒரு சுரம் பிசகினால் கூட்டம் சும்மா விடாது. இவனோ பல்லவி முடிந்ததும் பாட்டைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, கண்ணை மூடி, தன் இஷ்டத்துக்கு வாசிப்பான். அதற்கு ஜனம் கதிரைகளைத் தள்ளிவிட்டு ஆடவும் செய்கிறது. அநியாயம் என்பேன். "மச்சான், ரெக்கார்ட்தான் வேணும்னா வீட்ல இருந்து கேளுங்க" என்பான்.

பிலிமத்தலாவையில் ஒரு கல்யாணம். அன்று சுரேஷின் வாசிப்பைக் கேட்க ஒரு ஹோட்டல் மேனேஜர் வரப்போகிறார், பிடித்துவிட்டால் சனிக்கிழமைதோறும் அங்கே வாசிக்கும் வேலை என்றார்கள். கிடைக்காவிட்டால் கிட்டாரை விற்றுவிட்டு டிரைவர் வேலைக்குக் கத்தார் போ என்று மாமனார் பாஸ்போர்ட்டே எடுத்து வைத்திருந்தார். புறப்படும்போது கலா என் சட்டைக் காலரைச் சரி செய்தபடி மெதுவாகச் சொன்னாள்: "இன்னைக்கு ஒரு நாளாவது வாயை மூடிக்கிட்டு இருங்க."

மூடிக்கொண்டுதான் இருந்தேன். மேனேஜர் சிங்களவர், மாமனார் அவரை என் பக்கத்தில் உட்கார வைத்து, சினிமா லைன் கதையையும் சொல்லிவிட்டுப் போனார். சுரேஷ் தாலாட்டு மாதிரி ஒரு பழைய சினிமாப் பாட்டை எடுத்தான். நாயகி ஆட்டுக்குட்டியோடு ஓடும் இடத்தில் புல்லாங்குழல் வர வேண்டும். அவன் கிட்டாரிலிருந்து வந்தது, கடுகண்ணாவை மலையேற்றத்தில் கியர் மாற்றும் லாரி. மேனேஜர் என் பக்கம் சாய்ந்து, தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டார்: "நீங்க இந்தியா ஆள். சொல்லுங்க, எப்பிடி?"

நல்லா இருக்கு என்று சொல்ல எத்தனை நொடி ஆகும்? ரசிகனின் வாய் அதற்குள் முந்திக்கொண்டது. "ரெக்கார்டுல இருக்கிற மாதிரி இல்லைங்க."

அவர் தலையை ஆட்டினார். எழுந்து போய்விட்டார். அன்றைக்குச் சாப்பிட்ட பிரியாணி எனக்கு வைக்கோல். ஒரு வார்த்தையில் மைத்துனனைக் கத்தாருக்கு ஏற்றிவிட்டேன். மூன்று நாள் கலாவின் முகத்தைப் பார்க்காமல், கடையில் மடித்த சேலையையே திரும்பத் திரும்ப மடித்துக்கொண்டிருந்தேன்.

நான்காம் நாள் சுரேஷ் கடைக்கே வந்துவிட்டான். கையில் மஸ்கட் அல்வாப் பெட்டி. ஓடுவதற்குப் பின்வாசல் இல்லை.

"மச்சான், வேலை கிடைச்சிருச்சு. மேனேஜர் மாத்தையா உங்களைப் பத்திதான் பேசினாரு. வாற பேண்ட் எல்லாம் ரெக்கார்ட் மாதிரியே வாசிக்குதாம், அதுக்கு அவருகிட்ட ரேடியோ இருக்காம். இந்தியாவிலிருந்து வந்த பெரிய ஆளே 'இவன் அப்படி இல்லை'ன்னு சொன்ன பிறகு என்ன யோசனைன்னாராம்." குரலைத் தாழ்த்தினான். "நீங்க என்னைப் பத்தி அப்படி நினைக்கிறீங்கன்னு எனக்குத் தெரியாது."

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாயில் மஸ்கட் இருந்தது. வீட்டில் கலாவிடம் மட்டும் ஒப்புக்கொண்டேன். அவள் கண்ணில் நீர் வரும்வரை சிரித்துவிட்டு, "அவன்கிட்ட சாகிற வரைக்கும் சொல்லிராதீங்க" என்றாள். தண்டனையாக இப்போது சனிக்கிழமைதோறும் முன்வரிசையில் எனக்கென்று ஒரு கதிரை. ஒவ்வொரு இடையிசை முடிந்ததும் சுரேஷ் கண்ணைத் திறந்து என் முகத்தைப் பார்ப்பான். நான் தலையசைப்பேன்.

போன மாதம் திண்டுக்கல் போயிருந்தேன். கோயில் திருவிழா மேடையில் அதே பாட்டு. குழல், வயலின், எல்லாம் இம்மி பிசகாமல் ரெக்கார்டில் உள்ளபடியே. பழைய நண்பர்கள் சொக்கிப்போய் நின்றார்கள். இடையிசை முடிந்து, கூட்டமே சேர்ந்து சரணத்தைப் பாடத் தொடங்கிவிட்டது. நான் மட்டும் சேராமல் நின்றேன். என் காதில் சுரேஷ் இன்னும் வாசித்து முடிக்கவில்லை.